முதன்மைக் கூறும் மறைகாரணியும்: ஒரே பொத்தானுக்குள் இரண்டு கேள்விகள்

துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் கோவை நகரை நோக்கி வந்தால், 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த பழைய வேளாண் கல்லூரி, பருத்தி ஆராய்ச்சிக்கான மண்டல நிலையம் எல்லாம் அதிகத் தொலைவில்லை. கிழக்கே போனால் 1956-இல் அமைந்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா. ஒரு செடியில் இருபது அளவுகள், ஒரு பஞ்சுப் பொதியில் ஏழெட்டு அளவுகள், ஒரு குடும்பத்திடம் நாற்பது விடைகள் என எண்களைக் குவிப்பதே இந்த வட்டாரத்தில் பலருக்கு அன்றாட வேலை. குவித்ததைச் சுருக்கியாக வேண்டும். அதற்குக் கைக்கு வரும் கருவிகள் இரண்டு: முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு, காரணிப் பகுப்பாய்வு.

இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிப் பயன்படுத்துபவர்கள் நிறைய. குற்றம் முழுக்க அவர்கள்மேல் இல்லை. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் 'காரணி' என்ற பட்டியலைத் திறந்து, எதையும் மாற்றாமல் சரி என்று அழுத்தினால், உள்ளே ஓடுவது முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு. வெளிவரும் அட்டவணையில் 'கூறு' என்றே அச்சாகியிருக்கும். ஆய்வேட்டின் அத்தியாயத் தலைப்புக்கு வரும்போது அது 'காரணி' ஆகிவிடும். வைவாவில் யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவே புள்ளியியல் உறவு என்ன, எப்போது ஒன்றையொன்று நெருங்குகின்றன, எப்போது விலகுகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். எந்த முறை பொருந்தும் என்பதை எண்கள் முடிவுசெய்வதில்லை, அந்த எண்களைக் கொண்டு நாம் எதைச் சாதிக்கப்போகிறோம் என்பதே முடிவுசெய்கிறது என்பது என் நிலைப்பாடு.

தோன்றிய இடங்களே வேறு. 1901-இல் கார்ல் பியர்சன் கேட்டது வடிவியல் கேள்வி: வெளியில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கு மிக அருகில் செல்லும் கோடு எது, தளம் எது? 1904-இல் சார்லஸ் ஸ்பியர்மன் கேட்டதோ காரணம் பற்றிய கேள்வி. ஒரு பாடத்தில் நன்றாக எழுதும் பிள்ளை மற்றப் பாடங்களிலும் நன்றாக எழுதுகிறதே, எல்லாவற்றுக்கும் பின்னால் பொதுத்திறன் என்று ஒன்று இருக்கிறதா? குழப்பத்துக்கு வழி திறந்தது 1933. ஹரால்ட் ஹோட்டலிங் முதன்மைக் கூறுகளை முழு முறையாக வளர்த்து எழுதிய கட்டுரை, கல்வி உளவியல் இதழில், தேர்வு மதிப்பெண்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு வெளிவந்தது. ஸ்பியர்மனின் தரவுகளுக்குப் பியர்சனின் கருவி பூட்டப்பட்டது அப்போதுதான். காரணிப் பகுப்பாய்வுக்கு முறையான புள்ளியியல் அடித்தளத்தை, அதாவது மீப்பெரு நிகழ்தகவு வழியிலான மதிப்பீட்டை, 1940-இல் லாலி கொடுத்தார். (வேளாண் பல்கலைக்கழகம் இருக்கும் லாலி சாலைக்கும் இவருக்கும் தொடர்பில்லை. அந்தப் பெயர் 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலியுடையது.)

முதன்மைக் கூறு என்பது அளந்த மாறிகளை எடையிட்டுக் கூட்டிய ஒரு தொகை, அவ்வளவுதான். மொத்தச் சிதறலில், அதாவது பரவற்படியில், இயன்றவரை பெரும்பங்கை அள்ளும்படி எடைகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மறைந்திருக்கும் எதையும் பற்றி அது பேசுவதில்லை. தரவு இருந்தால் கூறு இருக்கும். பொய்யாக வழியே கிடையாது. காரணிப் பகுப்பாய்வில் திசை மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத காரணி ஒன்று இருக்கிறது, நாம் அளந்த மாறிகளை அதுதான் உண்டாக்குகிறது என்று முதலிலேயே ஒரு கூற்றை வைக்கிறோம். காரணியின் பங்கு போக, ஒவ்வொரு மாறியிலும் அதற்கே உரிய மிச்சமும் அளவுப் பிழையும் உண்டு. அந்த மிச்சங்களுக்கிடையே ஒட்டுறவு இல்லை. இது ஒரு மாதிரி. தரவோடு ஒப்பிட்டு இதை நிராகரிக்க முடியும்.

ஒட்டுறவு அணியின் மூலைவிட்டத்தில் இருப்பவை ஒவ்வொரு மாறியின் பரவற்படி. மற்ற இடங்களில் இருப்பவை இணைகளின் ஒட்டுறவுகள். முதன்மைக் கூறு இரண்டையும் சேர்த்து விளக்கப் பார்க்கிறது. காரணிப் பகுப்பாய்வு மூலைவிட்டத்தை மிச்சங்களின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒட்டுறவுகளை மட்டும் விளக்குகிறது. இரண்டு முறைகளின் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்திலிருந்து கிளைப்பவை.

காகிதத்திலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு. மூன்று மாறிகள், எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு 0.36 என்று வைத்துக்கொள்வோம். ஒரே காரணி கொண்ட மாதிரியில் ஒவ்வொரு மாறியின் ஏற்றமும் (காரணியோடு அந்த மாறிக்கு உள்ள ஒட்டுறவு) 0.36-இன் வர்க்கமூலம், 0.6. இரண்டு ஏற்றங்களைப் பெருக்கினால் 0.36, ஒட்டுறவு அப்படியே திரும்பக் கிடைக்கிறது. ஆனால் மொத்தப் பரவற்படியில் காரணி விளக்குவது 36 விழுக்காடுதான். முதன்மைக் கூறு வழியில் முதல் ஐகன் மதிப்பு (முதல் கூறு அள்ளும் பரவற்படி) 1 கூட்டல் 0.36-இன் இருமடங்கு, அதாவது 1.72. அதை மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒவ்வோர் ஏற்றமும் 0.757. விளக்கப்பட்ட பங்கு 57 விழுக்காடு. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஏற்றங்கள் இரண்டைப் பெருக்கினால் 0.57 வருகிறது, உண்மையான ஒட்டுறவு 0.36. முதன்மைக் கூறு மிகையாகக் காட்டுகிறது, ஏனென்றால் மாறிகளின் தனிப்பட்ட மிச்சத்தையும் அது பொதுக்கணக்கில் சேர்த்துவிட்டது. ஒட்டுறவே இல்லாத மூன்று மாறிகளைக் கொடுத்தாலும் ஒரு கூறு 33 விழுக்காட்டை 'விளக்கும்'. 'எங்கள் காரணிகள் 68 விழுக்காடு பரவற்படியை விளக்குகின்றன' போன்ற வாக்கியத்தைப் படிக்கும்போது, கூறு வழியில் வந்த எண்ணா காரணி வழியில் வந்த எண்ணா என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இதே கணக்கில் மாறிகளைக் கூட்டிப் பாருங்கள். ஒட்டுறவு அதே 0.36, மாறிகள் பத்து என்றால் கூறின் ஏற்றம் 0.651, ஐம்பது என்றால் 0.611. காரணியின் 0.6-ஐ நோக்கி இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரே காரணியைச் சுட்டும் மாறிகள் பெருகப் பெருக, தனி மிச்சங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, இரண்டு முறைகளும் ஒரே இடத்துக்கு வருகின்றன. பென்ட்லரும் கானோவும் 1990-இல் இதைத்தான் பொதுவான நிபந்தனைகளோடு எழுதினார்கள். அதே ஆண்டு வெலிசரும் ஜாக்சனும், நடைமுறையில் வேறுபாடு சொற்பம், எளிய முதன்மைக் கூறே போதும் என்று வாதிட, பலர் எழுந்து மறுப்பு எழுதினார்கள். இந்தச் சண்டையில் இரு தரப்பும் தத்தம் தரவுக்குச் சரி. ஒரு காரணிக்கு மூன்று, நான்கு கேள்விகள் மட்டுமே வைத்து, அவற்றின் ஒட்டுறவும் மந்தமாக இருக்கும் வழக்கமான கருத்துக் கணிப்புகளில் வேறுபாடு சொற்பமாக இருப்பதில்லை என்பதைத்தான் 0.6-க்கும் 0.757-க்கும் உள்ள இடைவெளி சொல்கிறது.

இன்னொரு பாலமும் உண்டு. எல்லா மாறிகளின் மிச்சமும் ஒரே அளவு என்று காரணி மாதிரியில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால், அதன் விடை முதன்மைக் கூறின் திசைகளாகவே வந்து நிற்கிறது. நீளம் மட்டும் சற்றுக் குறையும். 1952-இல் விட்டில் இந்தத் தொடர்பைக் காட்டினார். 1999-இல் டிப்பிங், பிஷப் இருவரும் இதை நிகழ்தகவு வழி முதன்மைக் கூறு என்று புதுப்பித்து எழுத, இயந்திரக் கற்றல் உலகம் எடுத்துக்கொண்டது. ஆக, மிச்சங்கள் சமமாக இருந்தால் கவலை குறைவு. எல்லா மாறிகளும் ஒரே கருவியால், ஒரே அலகில் அளக்கப்பட்டால் அப்படி நம்பலாம். வயல் தரவில் அது நடப்பதில்லை.

கரும்பை எடுத்துக்கொள்வோம். 1918-இல் வெளிவந்த கோ 205 தொடங்கி, 'கோ' என்ற முன்னொட்டோடு இந்தியா முழுக்கப் பரவிய ரகங்களின் ஊர் கோவை. ரக ஆய்வில் பிரிக்ஸ் (சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளின் விழுக்காடு), சுக்ரோஸ் விழுக்காடு, தூய்மை, வணிகச் சர்க்கரை விழுக்காடு, கரும்பு எடை, கணு எண்ணிக்கை, தண்டின் தடிமன் என்று அளவுகள் அடுக்கப்படும். இவற்றில் வணிகச் சர்க்கரை விழுக்காடு தனியாக அளக்கப்படுவதே இல்லை. பிரிக்ஸிலிருந்து சுக்ரோஸைக் கழித்து, அதில் 0.4 பங்கைச் சுக்ரோஸிலிருந்து குறைத்து, 0.73-ஆல் பெருக்கி எழுதுவது வழக்கம். விரித்தால் 1.022 மடங்கு சுக்ரோஸ் கழித்தல் 0.292 மடங்கு பிரிக்ஸ். அதாவது, மற்ற இரண்டிலிருந்து நேர்க்கணக்கில் வரும் எண். மூன்றையும் ஒன்றாக உள்ளே விட்டால் முதன்மைக் கூறு அலட்டிக்கொள்ளாது. பூச்சிய ஐகன் மதிப்பு ஒன்று கடைசியில் வந்து நிற்கும், அவ்வளவுதான். மீப்பெரு நிகழ்தகவு வழிக் காரணிப் பகுப்பாய்வுக்கு அணியின் அணிக்கோவை பூச்சியமாகி, கணக்கே நின்றுவிடும். தூய்மை என்பது சுக்ரோஸைப் பிரிக்ஸால் வகுத்த விகிதம் என்பதால் அது முழுதாக நிறுத்தாது, ஆனால் மிச்சத்தின் பரவற்படியை எதிர்மறையாக்கும் நிலைக்குத் தள்ளலாம். புள்ளியியலில் இதற்கு ஹேவுட் நிலை என்று பெயர். 1931 முதல் தெரிந்த நோய்.

பலர் இதைக் காரணிப் பகுப்பாய்வின் பலவீனமாகக் கருதி முதன்மைக் கூறுக்குத் தாவுகிறார்கள். எனக்கு இதில் எதிர்க் கருத்து. ஒரே தகவலை மூன்று பெயரில் கொடுத்திருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லும் கருவி நல்ல கருவி. முதன்மைக் கூறு சொல்லாமல் விட்டுவிட்டு, சர்க்கரை சார்ந்த மூன்று மாறிகளும் முதல் கூறில் ஓங்கி நிற்பதைக் காட்டும். 'இந்த மரபுத் தொகுப்பில் வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் சர்க்கரைத் தன்மை' என்று ஒரு வாக்கியம் அதிலிருந்து பிறந்துவிடும். அது தாவரத்தின் இயல்பாகவும் இருக்கலாம், பட்டியல் தயாரித்தவர் ஒன்றை மூன்று முறை எழுதியதன் விளைவாகவும் இருக்கலாம். அதே சமயம், ஐந்நூறு மரபு வகைகளில் எவை எவற்றோடு ஒட்டியிருக்கின்றன, எவற்றைக் கலப்புக்குத் தேர்ந்தெடுக்கலாம் என்பது மட்டுமே கேள்வி என்றால் மறைகாரணியைத் தேடவே தேவையில்லை. இரண்டு கூறுகளை வரைபடத்தில் போட்டால் போதும், அல்லது மகலநோபிஸ் 1936-இல் தந்த டி-வர்க்கத் தொலைவு. நம்மூர்ப் பயிர் இனப்பெருக்கத் துறையினருக்கு இது நெடுநாள் பழக்கம்.

பருத்தியில் கதை வேறு. இங்கே உருவான எம்.சி.யு. 5, 1974-இல் வந்த சுவின் போன்ற நீண்ட இழை ரகங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மைக்ரோநேர் என்ற எண் வரும். குறிப்பிட்ட எடைப் பஞ்சை அடைத்து, அதன் வழியே காற்றைச் செலுத்தி எடுக்கும் அளவு அது. இழையின் நுண்மையும் முதிர்ச்சியும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. முதிராத தடித்த இழையும் முதிர்ந்த மெல்லிய இழையும் ஒரே மைக்ரோநேரைக் காட்டக்கூடும். நூற்பாலைக்கு முதலாவது தலைவலி, இரண்டாவது வரம். இங்கே மறைகாரணி என்பது கற்பனை இல்லை, உண்மையான இரண்டு இயற்பியல் பண்புகள். எனவே காரணி மாதிரி பொருந்தும். ஆனால் மைக்ரோநேர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. முதிர்ச்சியை மட்டும் சுட்டும் வேறு அளவுகளும் உள்ளே இருக்க வேண்டும். பொதுவாக ஒரு காரணிக்குக் குறைந்தது மூன்று சுட்டிகள் தேவை என்பார்கள். மூன்று இருந்தால் விடை கிடைக்கும், சோதிக்க முடியாது. மாதிரியின் சுதந்திரப் படிகள் பூச்சியம். நான்காவது வந்த பிறகே இரண்டு படிகள் கிடைத்து, 'ஒரே காரணி' என்ற கூற்றைத் தரவு மறுக்கும் வாய்ப்பு உண்டாகிறது.

அலகுச் சிக்கலும் பருத்தியில்தான் பளிச்சென்று தெரியும். நீளம் மில்லிமீட்டரில், வலிமை டெக்ஸுக்கு இத்தனை கிராம் என்று, சீர்மை விழுக்காட்டில். நீளத்தை மில்லிமீட்டரிலிருந்து அங்குலத்துக்கு மாற்றினால் அதன் பரவற்படி ஏறக்குறைய 645-இல் ஒரு பங்காகச் சுருங்கும். உடன்மாறுபாட்டு அணியில் போட்ட முதன்மைக் கூறு அதோடு முற்றிலும் மாறிவிடும். அதனால் எல்லோரும் தரப்படுத்தி, ஒட்டுறவு அணியில் போடுகிறார்கள். அது சரியான முடிவாக இருக்கலாம், ஆனால் எல்லா மாறிக்கும் சம எடை என்ற தீர்ப்பை நாமே எழுதிவிட்டோம் என்பது நினைவில் இருக்க வேண்டும். லாலியின் வழியிலான காரணிப் பகுப்பாய்வுக்கு இந்தத் தொல்லை இல்லை. அலகு மாறினால் ஏற்றமும் அதற்கேற்ப மாறும், மாதிரியின் உள்ளடக்கம் மாறாது.

இந்தியத் தரவில் இக்கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்த இடம் செல்வக் குறியீடு. வீட்டுச் செலவு விவரம் இல்லாத கணக்கெடுப்பில் ஏழை யார், வசதியானவர் யார் என்று எப்படிப் பிரிப்பது? ஃபில்மர், பிரிட்செட் இருவரும் 1992-93 தேசிய குடும்ப நல ஆய்வின் தரவை எடுத்து, சைக்கிள், கழிப்பறை, சமையல் எரிபொருள், சுவர், கூரை போன்ற விவரங்களை முதன்மைக் கூறு மூலம் ஒரே எண்ணாக்கிக் காட்டினார்கள். 2001-இல் அச்சான அந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் மக்கள்தொகை-சுகாதாரக் கணக்கெடுப்புகள் இவ்வழியே நடக்கின்றன. குடும்பங்களை வரிசைப்படுத்தி, மக்களை ஐந்து சம பங்காக வெட்டுகிறார்கள். அந்தத் தரவுக் கோப்புகளில் எச்.வி.271 என்ற மாறியின் விளக்கம் 'செல்வக் குறியீட்டுக் காரணி மதிப்பெண்'. உள்ளே இருப்பது முதன்மைக் கூறின் மதிப்பெண். ஆப்பிரிக்கத் தரவில் இதே வேலையைச் செய்த சான், ஸ்டிஃபெல் இருவரும் காரணிப் பகுப்பாய்வைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். டி.வி.யும் பைக்கும் வசதியால் வாங்கப்படுபவை, வசதி அவற்றின் தொகை அன்று என்பது அவர்களுடைய வாதத்தின் உள்ளிருக்கும் எண்ணம். அந்த எண்ணம் சரி என்றே நினைக்கிறேன். ஆயினும் முதன்மைக் கூறுக்கு ஒரு நடைமுறை வலு உண்டு. அதன் மதிப்பெண் ஒவ்வொரு வீட்டுக்கும் துல்லியமாக ஒன்றே. காரணி மதிப்பெண் அப்படியல்ல. ஒரே ஏற்றங்களோடு பொருந்தும் காரணிகளை ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக அமைக்கலாம் என்று 1928-இலேயே வில்சன் சுட்டினார், 1955-இல் கட்மன் விரித்தார். வீட்டுக்கு வீடு மதிப்பெண் போட்டு ஐந்தாகப் பிரிக்கும் வேலையில் இந்த நிலையின்மை சிறிய விஷயமல்ல.

துடியலூர் போன்ற ஊர் இக்குறியீட்டுக்குக் கடினமான பரீட்சை. 2011-இல் கோவை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை இது பேரூராட்சி. தோட்டம், ஆழ்குழாய்க் கிணறு, கறவை மாடு வைத்திருக்கும் பழைய ஓட்டு வீடும், கடனில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியும் வாஷிங் மெஷினும் நிறைந்த அடுக்ககமும் ஒரே தெருவில் இருக்கக்கூடும். முதல் கூறு பெரும்பாலும் நகர வாழ்க்கைப் பொருட்களின் பக்கம் சாய்கிறது. மாட்டுக்கும் ஓட்டுக் கூரைக்கும் எடை குறைந்தோ எதிர்மறையாகவோ போனால், நான்கு ஏக்கர்காரர் கீழே தள்ளப்படுவார். நகர, கிராமத் தரவுகளைத் தனித்தனியே போட்டு, பிறகு ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் திருத்தத்தை ரட்ஸ்டீன் 2008-இல் முன்வைத்தது இதுபோன்ற குறையை நினைத்துத்தான். நகரமா கிராமமா என்றே தீர்மானிக்க முடியாத விளிம்பு ஊர்களுக்கு அதுவும் பாதித் தீர்வே. நில வசதி, நுகர்வு வசதி என்று இரண்டு காரணிகளை வைத்து, அவற்றுக்குள் ஒட்டுறவு இருக்கலாம் என்று அனுமதித்துப் பார்ப்பது இவ்விடத்துக்கு நேர்மையான மாதிரி. மேலும், 'உண்டு, இல்லை' என்ற விடைகளுக்குச் சாதாரண ஒட்டுறவு பொருந்துவதில்லை. இத்தகைய விடைகளுக்கான பாலிகோரிக் ஒட்டுறவு பற்றிக் கோலெனிகோவ், ஏஞ்சல்ஸ் 2009-இல் எழுதியதை இந்த வேலைக்குப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போவது நல்லது.

இரண்டு முறைகளின் உறவை இந்தியாவிலிருந்து மிகத் தெளிவாகப் பார்த்தவர் சி.ஆர். ராவ். 1955-இல் 'சைக்கோமெட்ரிகா'வில் அவர் கேட்ட கேள்வி அழகானது: அளந்த மாறிகளிலிருந்து மிகச் சிறப்பாகக் கணிக்கக்கூடிய மறைகாரணி எது? காரணிக்கும் மாறிகளுக்கும் இடையிலான கனானிக்கல் ஒட்டுறவை உச்சமாக்கினார். வந்த சமன்பாடுகள் லாலியின் மீப்பெரு நிகழ்தகவுச் சமன்பாடுகளாகவே இருந்தன. பரவற்படியை உச்சமாக்கினால் முதன்மைக் கூறு. கணிக்கத்தக்க தன்மையை உச்சமாக்கினால் காரணி. 1964-இல் 'சங்க்யா' இதழில் முதன்மைக் கூறுகளைப் பயன்படுத்துவது, பொருள்கொள்வது பற்றித் தனியாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு என்று ஏற்றவரின் எழுத்து அது.

எத்தனை காரணி என்பது இன்னமும் சிக்கலான இடம். ஐகன் மதிப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் வைத்துக்கொள் என்ற கைசரின் 1960-ஆம் ஆண்டு விதி, மென்பொருள்களின் உள்ளே குடியிருக்கிறது. ஒட்டுறவே இல்லாத இருபது மாறிகளின் தரவை எடுத்தாலும் ஐகன் மதிப்புகளில் பாதியளவு ஒன்றைத் தாண்டும், ஏனென்றால் அவற்றின் சராசரியே ஒன்று. 1965-இல் ஹார்ன் சொன்ன இணைப் பகுப்பாய்வு, தாறுமாறான தரவிலிருந்து வரும் ஐகன் மதிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது; இன்றைய கணினியில் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்னொன்று: முதன்மைக் கூறில் இரண்டாவதைச் சேர்த்தாலும் முதலாவது அசையாது. காரணி மாதிரியில் இரண்டாவதைச் சேர்த்தால் முதலாவதன் ஏற்றங்களும் மாறிவிடும். ஏற்றங்களைப் படிக்க எளிதாக்கும் வேரிமேக்ஸ் சுழற்சியைச் செய்துவிட்டால், 'உச்சப் பரவற்படி' என்ற தகுதியையும் முதன்மைக் கூறு இழந்துவிடுகிறது. சுழற்றிய கூறை முதன்மை என்று அழைக்க எந்தக் காரணமும் மிஞ்சுவதில்லை.

ஆர் மொழியில் இரண்டும் தனித்தனிக் கட்டளைகள். ஒரே தரவில் இரண்டையும் ஓட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிது. ஏற்றங்கள் நெருங்கி வந்தால் பெயர்ச் சண்டையில் பொருளில்லை. விலகினால், விலகலின் பெரும்பகுதி எந்த மாறியில் இருக்கிறது என்று தேட வேண்டும். பொதுவாக அங்கே மிச்சம் மிகப் பெரிதாக இருக்கும். ஒன்று அந்தக் கேள்வி வேறு எதையோ அளக்கிறது, அல்லது அளந்த கையில் பிழை அதிகம். வயலுக்கோ ஆலைக்கோ திரும்பிப் போய் அந்த ஒரு மாறியை மறுபடி அளப்பதிலிருந்து அடுத்த வேலை தொடங்கும்.